நூலில் சுழலும் சக்கரம்

மோர் கடையும் மத்தைப் பார்த்திருப்பீர்கள். தூணோடு சேர்த்துக் கட்டிய வளையத்திற்குள் மத்து நிற்கும். அதன் தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிய கயிற்றின் இரு முனைகளையும் பாட்டி மாறி மாறி இழுப்பார். ஒரு முனையை இழுத்தால் மத்து ஒரு பக்கம் சுழலும். மறு முனையை இழுத்தால் எதிர்ப்பக்கம் சுழலும். நம் ஊர்த் தச்சர்கள் கட்டில் கால்களை உருட்டி எடுத்த பழைய கருவியும் இப்படிக் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்து இயக்கப்பட்டதுதான். ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் உளியைப் பிடிப்பார். இவ்விரு வேலைகளுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல் அமைந்திருப்பது பொருத்தமே. மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். லேத் பட்டறையை இன்றும் ‘கடைசல் பட்டறை’ என்கிறோமே, அந்தப் பெயரில் பழைய கயிறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்டில் சுற்றிய கயிறு, அதனால் சுழலும் சக்கரம் என்னும் இவ்விரண்டை மட்டும் கொண்டு பிறந்த விளையாட்டுப் பொருள்களில் நமக்கு நன்கு தெரிந்தது பம்பரம். சாட்டையை உதறியதும் பம்பரம் பிரிந்து போய்த் தரையில் நின்றுவிடும். அதன் தாயாதி ஒன்று உண்டு. அது நூலை விடாது. கையிலிருந்து இறங்கும், சுழலும், திரும்பிக் கைக்கே ஏறி வரும். அதுவே யோ-யோ. பெட்டிக் கடையில் பிளாஸ்டிக்கில் வாங்கி, நூல் அறுந்ததும் மறந்துபோன பொருள் என்றுதான் நம்மில் பலர் அதை அறிவோம். இன்று அதே பொருளை விமானப் பகுதிகளுக்குப் பயன்படும் அலுமினியக் கலவையில், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குப் பிழையும் நேராதபடி கடைந்தெடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு நுட்பம் எதற்கு? இக்கேள்விக்கு விடை காண அதன் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

பெர்லின் அருங்காட்சியகத்தில் கி.மு. 440-ஐ ஒட்டிய கிரேக்கக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதன் உட்புறத்தில் ஒரு சிறுவன் நூலில் தொங்கும் வட்டை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். கிரேக்கர்கள் இதை மரத்திலும் உலோகத்திலும் சுட்ட மண்ணிலும் செய்தனர். ஓவியம் தீட்டிய மண் வட்டுகள் விளையாடுவதற்காக அல்லாமல், பிள்ளைப் பருவம் கடந்தவர்கள் தெய்வத்திற்குக் காணிக்கை வைப்பதற்காகச் செய்யப்பட்டவை என்று கருதுகிறார்கள். ஆக, உலோக யோ-யோ நம் காலத்துப் புதுமை அன்று. கிரேக்கச் சிறுவனின் பொருளுக்கும் இன்றைய பொருளுக்கும் இடையே உள்ள வேறுபாடு உலோகத்தில் இல்லை. அது துல்லியத்தில் இருக்கிறது.

இந்தியாவிலும் இது பழகிய பொருளே. வடக்கே இதன் பெயர் ‘சக்ரி’. இராஜஸ்தானத்தில், பூந்தி அல்லது கோட்டாவில், 1770-ஐ ஒட்டித் தீட்டப்பட்ட சிற்றோவியம் ஒன்றில் ஒரு பெண் சக்ரி ஆடிக்கொண்டிருக்கிறாள். அதே நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இந்தப் பொம்மை பெருமக்களைப் பிடித்து ஆட்டியது. இங்கிலாந்தில் ‘பேண்டலோர்’ என்றார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டை விட்டு ஓடிய பிரபுக்களின் கைகளில் இருந்ததால் பிரான்சில் ‘எமிகிரெட்’ என்று பெயர் பெற்றது. புலம்பெயர்ந்தோரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

1866-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேவன், சார்லஸ் ஹெட்ரிக் என்னும் இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றனர். அவர்கள் செய்த திருத்தம் சிறியது, ஆனால் அடிப்படையானது. வட்டின் எடையை விளிம்பை நோக்கி நகர்த்தினார்கள். நீராவி எந்திரத்தின் பறக்கும் சக்கரம் என்ன வேலை செய்கிறதோ அதே வேலையை இந்த விளிம்பும் செய்யும் என்பது அவர்கள் கருத்து. இன்றைய யோ-யோ வடிவமைப்பு முழுவதும் இக்கருத்தின் மீதுதான் நிற்கிறது.

ஆயினும் அதுவரை இருந்த யோ-யோக்கள் இறங்கி ஏறத்தான் செய்தன. கீழே போய் நின்று சுழல அவற்றால் இயலவில்லை. காரணம், நூல் அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. இந்தத் தடையை நீக்கிய வழக்கம் பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருந்தது. அங்கே நூலைக் கட்டாமல், இரட்டையாக முறுக்கிய நூலின் நடுவில் ஒரு கண்ணி விட்டு, அக்கண்ணிக்குள் அச்சை நுழைத்து விடுவார்கள். நூல் முழுவதும் பிரிந்ததும் சக்கரம் கண்ணிக்குள் வழுக்கிக்கொண்டு அங்கேயே சுழலும். இதை ஆட்டக்காரர்கள் ‘உறங்குதல்’ என்கிறார்கள். கையால் மெல்ல ஒரு சுண்டு சுண்டினால் நூல் ஒரு கணம் தளரும். தளர்ந்த கண்ணி அச்சைப் பற்றிக்கொள்ளும். நூல் மீண்டும் சுற்றிக்கொள்ள, சக்கரம் ஏறி வரும். முடிச்சை அவிழ்த்துக் கண்ணியாக்கிய இந்த ஒரு மாற்றத்தால்தான் யோ-யோவில் நூற்றுக்கணக்கான வித்தைகள் பிறந்தன.

இவ்வழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவர் பெட்ரோ ஃபுளோரஸ். பிலிப்பைன்ஸின் வடக்கில் இலோகோஸ் பகுதியில் பிறந்தவர். 1915-இல் அமெரிக்கா சென்று ஓட்டல் பணியாளராகவும் வேலை பார்த்தவர். 1928-இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் யோ-யோ உற்பத்திக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவரது தொழிற்சாலைகள் மூன்றாகிவிட்டன. இதைத் தாமே கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. தம் நாட்டில் நெடுநாளாக இருந்த விளையாட்டு என்றே சொல்லி வந்தார். 1930-ஐ ஒட்டி அவரிடமிருந்து தொழிலையும் பெயரையும் டொனால்டு டங்கன் என்னும் வணிகர் விலைக்கு வாங்கினார். இன்று பலர் டங்கனைத்தான் யோ-யோவின் தந்தை என்று எண்ணுகிறார்கள். விளம்பரத்தின் வலிமை அப்படி!

விளம்பரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கட்டுக்கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிலிப்பைன்ஸ் வேடர்கள் மரத்தின் மேல் அமர்ந்து, நீண்ட கயிற்றில் கட்டிய கனத்த கல் யோ-யோவை விலங்குகளின் தலையில் எறிந்து வேட்டையாடினார்கள் என்று பல புத்தகங்களில் படிக்கலாம். இதற்குச் சான்று எதுவும் இல்லை. இலக்கைத் தாக்கிய யோ-யோவின் சுழற்சி அப்போதே கெட்டுப்போகும். பிறகு அது கயிற்றில் ஏறி வராது. ஒரு முறை செய்து பார்த்தாலே இது விளங்கும். எனினும் கதை விற்பனைக்கு உதவியது, ஆகவே பிழைத்துக்கொண்டது.

விஸ்கான்சின் மாநிலத்தின் லக் என்னும் சிற்றூரில் 1946-இல் டங்கன் தொழிற்சாலை அமைத்து, மேப்பிள் மரத்தைக் கடைந்து யோ-யோக்களைக் குவித்தார். 1962-இல் மட்டும் 4½ கோடி விற்றன. மூன்றே ஆண்டுகளில் கம்பெனி மூழ்கியது. ‘யோ-யோ’ என்னும் சொல் தமக்கு மட்டுமே உரிய வணிகப் பெயர் என்று வழக்காடியது அதற்கு ஒரு காரணம். பிலிப்பைன்ஸ் மக்கள் நெடுங்காலமாக அப்பொருளை வழங்கி வந்த பொதுப்பெயர் அது. ஒருவருக்குச் சொந்தமாகாது என்று 1965-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபுளோரஸ் சொல்லி வந்ததும் ஏறத்தாழ இதுதானே!

பெரிய கம்பெனி சரிந்த பின்னரே தனி மனிதர்களின் பட்டறைக் காலம் தொடங்குகிறது. இதில் முதற்பெயர் டாம் கூன். சான்பிரான்சிஸ்கோவில் பல் மருத்துவர். 1978-இல் அவர் மூன்று வடிவங்களாக மாற்றிக் கோக்கத்தக்க, கழற்றிப் பூட்டும் மர யோ-யோ ஒன்றை வெளியிட்டார். தேய்ந்த அச்சை மாற்றிக்கொள்ளலாம். பாதிகளைத் திருப்பிப் பூட்டலாம். அடுத்த ஆண்டில் 256 பவுண்டு எடையுள்ள மர யோ-யோ ஒன்றைச் செய்து கிரேனில் தொங்கவிட்டு இறக்கி ஏற்றிக் காட்டினார். பிறகு அலுமினியத்திற்கு மாறி, 1990-இல் பால் பேரிங் பொருத்திய அலுமினிய யோ-யோவைக் கொண்டு வந்தார். பேரிங் யோசனை அவருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியிருந்தது, சுவீடனின் எஸ்.கே.எஃப். பேரிங் நிறுவனம் 1984-இல் சிறிது காலம் அப்படி ஒன்றைச் செய்தது. ஆனால் உலோக உடல், நுட்பமான கடைசல், பேரிங் ஆகிய மூன்றையும் ஒன்று சேர்த்தவர் கூன். நொடிக்கு நொடி அதிவேகமாய்ச் சுழலும் துளைக்கருவியைக் கையில் பிடித்திருக்கும் பல் மருத்துவருக்கு அதிர்வின் அருமை தெரிந்திருந்ததில் வியப்பில்லை என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. இது என் ஊகமே.

இடையில் 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் வேறு பொம்மைகளோடு ஒரு யோ-யோவும் விண்வெளிக்குச் சென்றது. எறிந்தால் அழகாகப் போய்த் திரும்பியது. உறங்க மட்டும் மறுத்தது. இங்கே புவியீர்ப்பு சக்கரத்தைக் கீழே இழுத்து நூலை விறைப்பாக வைத்திருக்கிறது. அங்கே இழுப்பார் இல்லை; நூல் தளர்ந்து கண்ணி பற்றிக்கொள்ள, சக்கரம் உடனே கைக்கு வந்துவிட்டது. உறக்கத்திற்கு ஈர்ப்பு வேண்டும் என்று பாடநூல் சொல்லாததை ஒரு பொம்மை சொல்லிற்று.

எடையை எங்கே வைப்பது?

இனி வடிவமைப்புக்கு வருவோம். இன்றைய உலோக யோ-யோ ஒன்று ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் விட்டமும் 42 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. எடை 66 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இதே அளவுள்ள திண்ம அலுமினிய உருளையின் பருமன் சுமார் 103 கன சென்டிமீட்டர், அடர்த்தி 2.7 ஆதலால் எடை ஏறத்தாழ 279 கிராம். அதாவது எடுத்த உலோகத்தில் முக்கால் பங்குக்கு மேல் சீவலாகக் கீழே விழுந்தாக வேண்டும். எஞ்சும் கால் பங்கை எங்கே விட்டுவைப்பது என்பதுதான் வடிவமைப்பு.

66 கிராமும் 28 மில்லிமீட்டர் ஆரமுள்ள சீரான தட்டாகப் பரவியிருந்தால், அதன் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 259 கிராம்-சதுர சென்டிமீட்டர். அவ்வளவும் விளிம்பிலேயே மெல்லிய வளையமாகக் குவிந்திருந்தால் அது 517 ஆகிவிடும், ஏறத்தாழ இரட்டிப்பு. வளையத்தை மட்டும் வைத்து யோ-யோ செய்ய முடியாது. நடுவில் அச்சைத் தாங்கும் சுவர் வேண்டும். ஆகவே சுவரை இரண்டு மில்லிமீட்டர் வரை மெலியச் செய்து, மிச்சப்பட்ட எடையை விளிம்பில் சேர்க்கிறார்கள். மெலிவு மிஞ்சினால் சுவர் தட்டில் அடிபட்ட தகரம் போல் ஒலிக்கும். தரையில் மோதினால் வளைந்தும் போகும். விளிம்பின் கனம் மிஞ்சினால் சக்கரம் நெடுநேரம் சுழலும், ஆனால் கையின் சொல்லைக் கேட்காது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தமக்குப் பிடித்த இடத்தைத் தேடுகிறார். முன்பு வரைபடத்தாளில் செய்த கணக்கை இப்போது கணிப்பொறியில் செய்கிறார்கள்.

பேரிங்கின் வெளிவிட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் என்பது இத்துறையில் பெரிதும் பழகிப்போன அளவு. இதனால் ஒரு புதிய சிக்கலும் வந்தது. உராய்வு மிகக் குறைந்துவிட்டதால் சுண்டினாலும் நூல் அச்சைப் பற்றுவதில்லை; சக்கரம் ஏற மறுக்கிறது. எனவே நூலை மடித்து இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள நாலரை மில்லிமீட்டர் இடைவெளியில் திணித்து, அங்கே ஒட்டியிருக்கும் சிலிகோன் வளையங்களில் சிக்க வைத்துத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் வராத யோ-யோ என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால் பல நிமிடங்கள் உறங்கும் சக்கரம் கிடைத்ததற்கு இதுவே விலை.

நூற்றில் ஐந்து பங்கு

இப்போது துல்லியத்தின் கணக்கு. சக்கரம் நிமிடத்திற்கு 5000 சுற்றுச் சுற்றுகிறது. அதன் எடை மையம் சுழல் மையத்திலிருந்து 0.05 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று கொள்வோம். மெல்லிய தாள் ஒன்றின் தடிமன் அது. அச்சை அசையாமல் பிடித்து வைத்திருந்தால், அதன் மீது சுழன்று சுழன்று அடிக்கும் விசை சுமார் 0.9 நியூட்டன், 92 கிராம் எடைக்குச் சமம். யோ-யோவின் எடையே 66 கிராம்தான்! நூலில் தொங்கும் சக்கரத்தை யாரும் அப்படிப் பிடித்திருப்பதில்லை. ஆகவே அது நடுக்கமாக வெளிப்படுகிறது. விரலில் நூல் ரீங்காரமிடும். சுழற்சியின் ஆற்றல் அந்த நடுக்கத்திலேயே கரையும்.

மர யோ-யோவிலும் இவ்விலகல் உண்டு. ஆனால் அச்சின் உராய்வு அதைச் சீக்கிரமே நிறுத்திவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. உராய்வைக் குறைத்தோம், மறைந்திருந்த பிழைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. பொழுதுபோக்காளர்கள் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு ஏன் அலைகிறார்கள் என்பதற்கு விடை இதுதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஒன்றைச் செய்து பார்த்தேன். நம் மாவட்டத்தில் லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. 1960-களின் நடுவில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை வந்த பிறகு, அதற்குத் துணைப்பொருள் செய்து தரும் பட்டறைகள் துவாக்குடியிலிருந்து நம் எல்லைக்குள் மாத்தூர் வரை பரவின. அங்கே சி.என்.சி. எந்திரங்களும் உண்டு. நான் போனது அப்படிப்பட்ட இடத்திற்கன்று. பம்புசெட் தண்டும் கரும்புச்சாறு உருளையும் செப்பனிடும் சிறிய பட்டறை. பெல்ட்டில் ஓடும் பழைய லேத்.

“என்ன சார், வெளையாட்டுச் சாமானுக்குப் போயி மைக்ரோமீட்டரா?” என்றார் பட்டறைக்காரர். என்றாலும் செய்து கொடுத்தார். பேரிங்குக்கு அங்குல அளவு கிடைக்கவில்லை. 6 மில்லிமீட்டர் உட்துளை, 13 மில்லிமீட்டர் வெளிவிட்டம் கொண்ட ஒன்றைத் திருச்சியில் வாங்கினோம். முதல் ஜோடி பார்வைக்கு வெள்ளிக் கிண்ணம் போல் மின்னியது. எறிந்ததும் விரல் கூசியது. நூலில் தொங்கிய சக்கரம் இரண்டு நிழல்களாகத் தெரிந்தது.

பிழை எங்கே என்று தேடினோம். ஒரு பக்கத்தைக் கடைந்த பிறகு துண்டைக் கழற்றி, திருப்பி, மூன்று தாடைச் சக்கில் மறுபடி பிடித்திருந்தோம். பழைய சக்கில் தாடைகள் தேய்ந்திருக்கும். பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மையம் சிறிது நகரும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் முள் பத்துக் கோட்டுக்கும் மேல் ஆடியது. அச்சுக்கான மரையைக் கையால் டேப் போட்டதில் அதுவும் சற்றுச் சாய்ந்திருந்தது.

பட்டறைக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கழிவு இரும்புத் துண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, அதன் முகத்தைச் சமமாகக் கடைந்து, நடுவில் ஒரு குறுந்தண்டும் மரையும் வெட்டினார். அதைச் சக்கிலிருந்து கழற்றவே இல்லை. சக்கின் மையம் எங்கிருந்தால் என்ன? அந்த இடத்திலேயே கடையப்பட்ட தண்டு லேத்தின் சுழல் மையத்தில்தான் இருந்தாக வேண்டும். முன்னரே புதிய துண்டுகளில் பேரிங் இருக்கையையும், மரையையும், உள்முகத்தையும் ஒரே பிடிப்பில் முடித்து வைத்திருந்தார். டேப்பையும் இம்முறை பின்பக்கத் தாங்கியில் பொருத்தி நேராகச் செலுத்தினார். அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக இத்தண்டில் திருகி, வெளிப்புறத்தையும் விளிம்பையும் கடைந்தார். தொழில் தெரிந்தவர்களுக்கு இது பழைய உபாயம். விலையுயர்ந்த எந்திரங்களில் யோ-யோ செய்யும் வெளிநாட்டுப் பட்டறைகளும் இரண்டாம் பக்கத்தைக் கடைய இதே தத்துவத்தில் அமைந்த பிடிப்பைத்தான் கையாள்கின்றன.

டயல் கேஜின் முள் ஒரு கோட்டிற்குள் நின்றது. ஆனாலும் சக்கரம் முப்பது நொடி கூட உறங்கவில்லை. இந்த முறை குற்றம் கடைசலில் இல்லை. கடையில் வாங்கிய பேரிங் நிறைய கிரீஸ் நிரப்பப்பட்டு வந்திருந்தது. பம்புசெட்டில் பளுவைத் தாங்கச் சுழலும் பேரிங்குக்கு அது வேண்டும். 66 கிராம் பொம்மைக்கு அது சேறு. மண்ணெண்ணெயில் இரண்டு முறை அலசி, உலர வைத்து, தையல் எந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டோம்.

வெளிநாட்டார் இதற்கு மேல் கந்தக அமிலக் குளியலில் மின்னோட்டம் செலுத்தி, அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்த்து, நுண்துளைகளில் சாயம் ஏற்றி, கொதிநீரில் மூடுகிறார்கள். பச்சை, ஊதா என்று பளபளக்கும் நிறங்கள் அப்படி வருபவை. நாங்கள் அதற்குப் போகவில்லை. அமிலத்தோடு வீட்டில் விளையாடுவது மாணவர்களுக்கு ஆகாது.

எறிந்து பார்த்தவர் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன்தான். பம்பரத்தில் கை தேர்ந்தவன். நூல் முழுதும் இறங்கி, சக்கரம் அடியில் நின்றது. சுழல்கிறதா, சும்மா தொங்குகிறதா என்று தெரியவில்லை. பட்டறைக்காரர் குனிந்து, விளிம்பருகே ஒரு சீவல் சுருளை நீட்டினார். அது தட்டித் தெறித்து லேத்தின் அடியில் போய் விழுந்தது. கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிடமும் சில நொடிகளும் ஓடின. “இன்னொரு ஜோடி போடலாம் சார்” என்றார் அவர்.